குட்டிக் காருக்கு சைக்கிள் ரேக் வாங்கும் முன் டிக்கிக் கதவைத் தடவிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் சைக்கிள் ரேக், அதாவது காரில் சைக்கிளை மாட்டிக்கொண்டு போகும் சட்டம், வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சைக்கிள் பிடிக்கும்?" என்பதுதான். பெட்டியின் மேல் மூன்று என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஒன்றுக்கு 15 கிலோ வீதம் 45 கிலோ என்ற கணக்கும் இருக்கும். அது ரேக்கின் கம்பி தாங்கும் எடை. அந்தக் கம்பியைக் கட்டித் தொங்கவிடப் போகிற கதவின் தகரம் எவ்வளவு தாங்கும் என்பது பெட்டியில் இருக்காது. ரேக் செய்தவனுக்கு உங்கள் கார் எது என்றே தெரியாதே, எப்படி எழுதுவான்?

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பேனல் பீட்டர் பட்டறையில் டிங்கர் வேலை பார்க்கிறேன். பிறந்தது விருதுநகர் பக்கம். கல்யாணம் முடிந்து மனைவியின் ஊரான இங்கே வந்து சேர்ந்தவன். அக்டோபரில் இந்த ஊரில் அமாஷோவா பந்தயம் நடக்கும். மேட்டில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் கிளம்பி டர்பனில் முடிகிற 106 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம். இறங்கி வருவது சைக்கிளில் சரி, மேலே கொண்டுபோவது எப்படி? அதற்காகக் கடைசி வாரத்தில் ஓடிப்போய் ரேக் வாங்குவார்கள். பந்தயம் முடிந்த வாரம் டிக்கிக் கதவு நெளிந்த கார்கள் எங்களிடம் வரும். பெரிய வண்டிகள் அதில் குறைவு. க்விட், எஸ்-பிரெஸ்ஸோ, பிக்காண்டோ, ஐ10, ஐகோ என்று எல்லாம் குட்டிகள்.

குட்டிக் கார் என்றால் எவ்வளவு குட்டி என்று முதலில் பார்த்துவிடலாம். எஸ்-பிரெஸ்ஸோ 3.57 மீட்டர் நீளம், 1.52 மீட்டர் அகலம். பிக்காண்டோ 3.6 மீட்டர், அகலம் 1.6. என்னிடம் இருக்கும் க்விட் அதைவிடக் கொஞ்சம் நீளம், அகலம் 1.58. (ஒரகடத்தில் செய்து கப்பலேறி வந்த வண்டி. அதற்காகவே வாங்கினாய் என்று மனைவி கேலி செய்வாள். அப்படியே இருக்கட்டும்.) இனி சைக்கிளைப் பாருங்கள். 29 அங்குலச் சக்கரம் போட்ட மலைச் சைக்கிள் முன் டயர் நுனியிலிருந்து பின் டயர் நுனிவரை 1.8 மீட்டரைத் தாண்டும். அதாவது காரின் அகலத்தைவிட சைக்கிள் நீளம். பின்னால் குறுக்காகத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பெரிய காரில் இந்தப் பிரச்சினை குறைவு, அதனால் கடைக்காரருக்கு இது நினைவிலேயே இருக்காது. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளம் ஒன்றரை மீட்டருக்கு வந்துவிடும், கார் அகலத்துக்குள் அடங்கிவிடும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்குள் போட்டுக்கொள்ளலாம். குட்டிக் கார் வைத்திருப்பவர் எந்த ரேக் வாங்கினாலும் இந்தப் பழக்கம் வேண்டும்.

ஒரே ஒரு சைக்கிள்தான் என்றால் ரேக்கே வாங்க வேண்டாம் என்பேன். இதைக் கேட்டதும் முகம் சுருங்குகிறது பலருக்கு. புதிதாக ஒன்றை வாங்கும் ஆசையில் வந்திருப்பார்கள். ஆனால் பின் சீட்டைச் சாய்த்துவிட்டு இரண்டு சக்கரத்தையும் கழற்றினால் மலைச் சைக்கிளின் சட்டம் க்விட்டுக்குள்ளேயே படுத்துவிடும். டிக்கி விளிம்பில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள், உள்ளே ஒன்றை விரியுங்கள். சட்டத்தை நுழைக்கும்போது பின்பக்கம் முன்னால் போகட்டும், ஹேண்டில்பார் கடைசியாக வரட்டும். படுக்க வைக்கும்போது செயின் பக்கம் மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் கியர் மாற்றி வளையும், அது வளைந்தால் மலையேற்றத்தில் செயின் தாவும். டிஸ்க் பிரேக் சைக்கிளாக இருந்தால் சக்கரம் இல்லாத நேரத்தில் பிரேக்கை யாரும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் உள்ளே இருக்கும் இரண்டு பேடும் ஒன்றோடொன்று நெருங்கிவிடும், அப்புறம் டிஸ்க் உள்ளே நுழையாது. மடித்த அட்டைத் துண்டு ஒன்றைப் பேடுகளுக்கு நடுவே செருகிவிட்டால் போதும். சக்கரங்களை டிஸ்க் மேலே பார்க்கும்படி வையுங்கள். கடைசியாக, பின் சீட்டு பெல்ட்டையோ ஒரு வாரையோ சட்டத்துக்குள் விட்டு இறுக்குங்கள். 13 கிலோ இரும்பு சடன் பிரேக்கில் ஓட்டுகிறவரின் முதுகுக்கு வந்து சேரும், அதை மறக்க வேண்டாம்.

உள்ளே வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியே தொங்கும் நல்ல சைக்கிள் சிக்னலில் நிற்கும்போது எத்தனை கண்ணில் படும்? வழியில் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) வாங்க ஐந்து நிமிடம் நிறுத்தினால்கூட மனம் வண்டியிலேயே இருக்கும். உள்ளே போர்வைக்கு அடியில் இருக்கும் சைக்கிளுக்கு அந்தக் கவலை குறைவு.

சரி, இரண்டு பேர், இரண்டு சைக்கிள், அல்லது பின் சீட்டில் குழந்தை. உள்ளே வைக்க வழியில்லை. அப்போதுதான் ரேக்.

மலிவானதும் எல்லோரும் முதலில் எடுப்பதும் நைலான் வார் போட்டுக் கட்டும் டிக்கி ரேக். வளைந்த கம்பிச் சட்டம், அதன் கால்கள் கதவின் மேல் ஊன்றும், நான்கோ ஆறோ வார்கள் கொக்கியோடு வந்து கதவின் மேல் விளிம்பு, பக்க விளிம்பு, கீழ் விளிம்பு ஆகியவற்றைக் கவ்வும். குட்டிக் காருக்கு இதுவே பெரும்பாலும் சரியான தேர்வு என்று நான் சொல்வேன். அதே வாயால், தவறான காரில் மாட்டினால் எங்கள் பட்டறைக்கு நேராக வருவதும் இதுதான் என்றும் சொல்ல வேண்டும். வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று: டிக்கிக் கதவைத் திறந்து, அதன் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள்.

மேல் விளிம்பில் விரலுக்குத் தகரம் படுகிறதா, பிளாஸ்டிக் படுகிறதா? இப்போதைய குட்டிக் கார்களில் பின்கண்ணாடிக்கு மேலே வாலைப் போல ஒரு ஸ்பாய்லர் வைத்திருப்பார்கள். காற்றுக்காகவும் அழகுக்காகவும் வைப்பது, பிளாஸ்டிக், உள்ளே சில கிளிப்பும் திருகும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கொக்கியை அதன் விளிம்பில் மாட்டினால் முதல் பள்ளத்திலேயே விரிசல் விடும். பல வண்டிகளில் மேல் பிரேக் விளக்கும் அதற்குள்தான் இருக்கும், அதுவும் சேர்ந்து போகும். இப்படிப்பட்ட வண்டிக்குக் கொக்கி வேண்டாம். வாரின் நுனியில் ரப்பர் உருளை வைத்து, அதைக் கதவுக்குள் போட்டுக் கதவை மூடிவிடும் வகை இருக்கிறது. வார் கதவின் இடுக்கு வழியாக வெளியே வரும், உருளை உள்ளே மாட்டிக்கொள்ளும். இழுவை பிளாஸ்டிக்குக்குப் போகாமல் கீல் பக்கத்து இரும்புக்குப் போகும். சில கம்பெனிகள் இதைத் தனி உதிரியாகவும் விற்கிறார்கள். ஆனால் உங்கள் கதவின் கீலுக்கும் கூரைக்கும் இடையே வார் நுழைய இடம் இருக்கிறதா என்று ஒரு துணிப்பட்டையை விட்டுக் கதவை மூடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் நசுங்கினால் மழையில் டிக்கிக்குள் தண்ணீர் இறங்கும்.

அடுத்து, கதவு முழுக்கக் கண்ணாடியா? பழைய டொயோட்டா ஐகோ, பெஜோ 107, சித்ரோயன் சி1 மூன்றும் ஒரே அச்சில் வந்த வண்டிகள். அவற்றின் பின்கதவு மொத்தமும் ஒரே கண்ணாடி. சுற்றித் தகர விளிம்பே கிடையாது. கோயிலில் பழக்கமான ஒரு அக்கா ஐகோ வைத்திருக்கிறார். பையனுக்காக வார் ரேக் ஒன்றை வாங்கிக்கொண்டு, மாட்டித் தரச் சொல்லி வந்தார்.

"எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு கடையில சொன்னாங்களே தம்பி."

"கொக்கி கவ்வ இரும்பு வேணும்க்கா. இதுல எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்."

அவர் கதவைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். அப்படியே ரேக்கைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய பெட்டியை நம்பாதீர்கள். தூலே போன்ற பெரிய கம்பெனிகள் கார் மாடலையும் ஆண்டையும் போட்டுத் தேடும் பட்டியல் வைத்திருக்கின்றன. உங்கள் வண்டி அதில் இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். "பட்டியலில் இல்லை, ஆனால் மாட்டிக்கொள்ளலாம்" என்று கவுண்டரில் இருக்கும் பையன் சொன்னால், கதவு நெளிந்தால் யார் காசு கொடுப்பது என்று கேட்டுப் பாருங்கள்.

விளிம்பு தகரம்தான் என்றாலும் வேலை முடியவில்லை. காரின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. டிக்கிக் கதவு என்பது வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று; ஓரத்தில் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அமுக்கியிருப்பார்கள். கொக்கி இழுப்பது அந்த மடிப்பைத்தான். மடிப்பு லேசாக விரிந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் மேல் இருக்கும் பெயிண்டில் மயிரிழை போல வெடிப்பு விழும். ஜோஹன்னஸ்பர்க்கில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். டர்பனில் கடல் காற்று, உப்பு, ஈரம். அந்த வெடிப்பில் துரு பிடித்து உள்ளேயிருந்து வெளியே வரும். நான் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துத் தந்தாலும் மடிப்புக்குள் போன துரு திரும்ப வரும். அதனால் கொக்கி உட்காரும் இடங்களில் பெயிண்ட் பாதுகாக்கும் தெளிவான ஃபிலிம் துண்டுகளை ஒட்டுங்கள். ரப்பர் பூசிய கொக்கியையே வாங்குங்கள். வெறும் இரும்புக் கொக்கிக்குத் துணி சுற்றலாம் என்று நினைக்காதீர்கள், துணி நழுவும்.

ரேக்கின் கால் எங்கே ஊன்றுகிறது என்பதும் முக்கியம். கதவின் நடுப்பகுதி உப்பிய தகரம். பின்னால் ஒன்றும் இல்லை. உள்ளங்கையால் அழுத்தினாலே உள்ளே போய்த் திரும்பும். வளைவுகள் திரும்புகிற இடத்திலும், கண்ணாடிக்குச் சற்றுக் கீழேயும், பக்க ஓரங்களிலும் உள்தகடு நெருங்கி நிற்கும், அங்கே அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். கீழ்க் கால் அப்படிப்பட்ட இடத்திலோ பம்பரின் மேல்பக்கத்திலோ உட்கார வேண்டும். குட்டிக் காரில் கதவே சின்னது, கால்களை நகர்த்த இடம் குறைவு. அதனால் கால்களின் கோணத்தை மாற்றிப் பூட்டிக்கொள்ளும் வகையைத் தேடுங்கள். மடக்க முடியாத ஒரே வடிவச் சட்டம் விலை குறைவாக இருக்கும். குட்டிக் காரில் அது உட்காருவது அதிர்ஷ்டம்தான்.

மாட்டும் முன் கதவைக் கழுவித் துடைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களே அதிகம். காலின் அடியில் இருக்கும் பஞ்சுக்கும் பெயிண்டுக்கும் நடுவே தூசி மாட்டினால், வண்டி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி தேயும்.

பாலிட்டோ பக்கம் ஹோல்லா டிரெயில்ஸ் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கரும்புக் காட்டுக்கு நடுவே மண்பாதை. போய் வந்தால் வண்டி முழுக்கச் செம்புழுதி. (நம்மவர்கள் ஒப்பந்தக் கூலியாக வந்து வெட்டிய கரும்புச் சீமையில் இன்று ஹெல்மெட் போட்டுக்கொண்டு காசு கொடுத்துச் சைக்கிள் மிதிக்கிறோம். என் மாமனார் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.) திரும்பும்போது சைக்கிளை ஏற்றும் முன் ரேக்கின் கால் ஊன்றும் இடத்தை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள், போதும்.

வார் ரேக்கில் எத்தனை சைக்கிள்? பெட்டி மூன்று என்றாலும் குட்டிக் காரில் இரண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது சைக்கிள் காரிலிருந்து தள்ளி வெளியே நிற்கும். தள்ளி நிற்க நிற்க மேல் வாரின் இழுவை கூடும், மேல் கொக்கிதான் கதவின் பலவீனமான இடத்தில் இருக்கிறது. மின் சைக்கிளை இதில் தொங்கவிடவே கூடாது. அவை பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும், ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்று எழுதிய தொட்டிலில் அது உட்காரக் கூடாது.

சைக்கிளின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ரேக்கின் இரண்டு கைகளிலும் மேல்குழாய் படுக்கைவாட்டில் உட்கார்ந்தால் நல்லது. பெண்கள் சைக்கிள், சாய்ந்த குழாய் வைத்த மலைச் சைக்கிள், குழந்தைகள் சைக்கிள் எல்லாம் கோணலாகத் தொங்கும்; பெடல் கண்ணாடியில் இடிக்கும். அதற்கு ஹேண்டில் கழுத்துக்கும் சீட்டுக் கம்பத்துக்கும் நடுவே மாட்டும் குறுக்குக் கம்பி ஒன்று தனியாக விற்கிறது. கார்பன் சட்டமாக இருந்தால் அதை இறுக்கிக் கவ்வும் எதையும் தவிர்த்துவிட்டு சக்கரத்தில் பிடிக்கும் வகைக்குப் போங்கள், அல்லது உள்ளே வையுங்கள்.

புகைக்குழாயைக் குனிந்து பாருங்கள். குட்டிக் காரில் பின் ஓவர்ஹேங், அதாவது பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதி, குறைவு, சைக்கிள் தாழ்ந்து தொங்கினால் டயர் சரியாகப் புகைக்குழாய் வாய்க்கு நேரே வரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டு போகும்போது வரும் சூட்டில் டயரின் ரப்பர் இளகிவிடும். இரண்டு கையகலமாவது தள்ளி இருக்கட்டும்.

இனி கூரை ரேக். சைக்கிள் நிமிர்ந்து நிற்கும், பின்கண்ணாடி மறையாது, நம்பர் பிளேட் தெரியும், டிக்கி திறக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. காரோடு வந்த கையேட்டை எடுத்து கூரை எடை என்ற இடத்தைப் பாருங்கள். குட்டிக் கார்களில் அந்த எண் பல நேரம் 50 கிலோவுக்கும் கீழே இருக்கும், சிலவற்றில் எண்ணே இருக்காது. அதில் குறுக்குக் கம்பி இரண்டு சேர்ந்து 5 கிலோ, சைக்கிள் பிடிக்கும் தட்டு ஒவ்வொன்றும் 3 கிலோ பக்கம் தின்றுவிடும். மிச்சம்தான் சைக்கிளுக்கு. கூரை ஓரத்தில் மினுமினுக்கும் கம்பிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல மாடல்களில் அவை ஒட்டிவைத்த அலங்காரம். கூரை குட்டையாக இருப்பதால் இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கும் நடுவே சைக்கிள் தட்டு கேட்கும் இடைவெளி கிடைக்கிறதா என்றும் அளக்க வேண்டும். அப்புறம் உயரம். க்விட் ஒன்றரை மீட்டர், மேலே சைக்கிள் ஒரு மீட்டருக்கு மேல், கம்பி வேறு. மொத்தம் 2.6 மீட்டரைத் தாண்டும். மால்களின் பார்க்கிங் வாசலில் பெரும்பாலும் 2.1 மீட்டர்தான் விடுவார்கள். வீட்டு கராஜுக்குள் பழக்க தோஷத்தில் நேரே விட்டவர்களின் கூரைகளையும் நாங்கள்தான் தட்டி எடுக்கிறோம். ஒரு லிட்டர் எஞ்சின் வண்டிக்கு மேலே இரண்டு சைக்கிள் காற்றில் நிற்பது மூன்றாவது கியரில் காலில் தெரியும், பெட்ரோல் முள்ளிலும் தெரியும். நான் இந்த வழியைப் பரிந்துரைப்பதில்லை. கையேட்டில் எண் தாராளமாக இருந்து, சைக்கிளும் இலேசானதாக இருந்து, உங்களுக்கு உயரமும் தோள் வலுவும் இருந்தால் சரி.

டோ பாரில் (டிரெய்லர் இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் கம்பி, நுனியில் பந்து போல ஒரு குமிழ் இருக்கும்) உட்காரும் தட்டு ரேக்தான் சைக்கிளுக்கு மிக நல்லது. சக்கரத்தில் நிற்கும், சட்டத்தைத் தொடாது, ஏற்ற இறக்க இடுப்பு உயரம்தான். காருக்கு? அதுதான் கேள்வி. உங்கள் மாடலுக்கு இழுவை எடையும், பந்தின் மேல் நேராக அழுத்தும் எடையும் உற்பத்தியாளர் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கொடுக்காத வண்டிக்கு யாரோ ஒருவர் வெல்டு வைத்து டோ பார் மாட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். அழுத்தும் எடை 50 கிலோ என்று இருந்தால், தட்டு ரேக்கே 15 முதல் 20 கிலோ, இரண்டு மலைச் சைக்கிள் 28, எல்லை வந்துவிட்டது.

கணக்கு அதோடு முடிவதில்லை. பின்னால் தொங்கும் எடை பின் அச்சுக்குப் பின்னால் நிற்கிறது. ரேக்கும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து 46 கிலோ, பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். க்விட்டின் இரண்டு அச்சுக்கும் நடுத் தூரம் 2.42 மீட்டர். 46-ஐ 1.1-ஆல் பெருக்கி 2.42-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21. முன் சக்கரத்திலிருந்து 21 கிலோ எழும்பிவிடுகிறது, பின் சக்கரத்தில் 67 கிலோ ஏறுகிறது. வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரம்தான். மழையில் டர்பன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் இறங்கும்போது ஸ்டீயரிங் இலேசாக மிதக்கிற மாதிரி இருந்தால் காரணம் இதுதான். வார் ரேக்கிலும் இதே கணக்கு உண்டு, ஆனால் எடை குறைவு, காரோடு ஒட்டி நிற்கும். குட்டிக் காரின் பின்னால் நான்கு சைக்கிள் தட்டு மாட்டி வருகிறவர்களைப் பார்க்கும்போது வண்டியின் மூக்கு வானத்தைப் பார்ப்பது தூரத்திலேயே தெரியும். பின்னால் எடை வைத்தால் கனமான பைகளைப் பின்சீட்டில் வைக்காமல் முன் சீட்டுக் காலடியில் வையுங்கள், டயர் காற்றையும் கையேட்டில் முழு பாரத்துக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

உறிஞ்சிப் பிடிக்கும் கப் வைத்த ரேக் ஒன்றும் வந்திருக்கிறது. விளிம்பு, கொக்கி, கம்பி எதுவும் தேவையில்லை, முழுக் கண்ணாடிக் கதவு வண்டிக்கு அது ஒரு வழி. விலை எரிக்கும். பட்டி வைத்து மறுபெயிண்ட் அடித்த தகரத்தில் ஒட்டாதீர்கள், பெயிண்டோடு உரிந்து வரலாம். கப் ஒட்டி நிற்பது வெளிக்காற்றின் அழுத்தத்தால். டர்பன் கடல் மட்டம்; ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே, அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே ஒட்டிவிட்டு வான் ரீனன்ஸ் கணவாய் ஏறி அங்கே போகிறவர்கள் வழியில் நிறுத்தி, கப்பில் இருக்கும் சின்ன பம்பில் பிடி தளர்ந்ததைக் காட்டும் கோட்டைப் பார்த்துத் திரும்ப அழுத்த வேண்டும்.

மூன்று சைக்கிளோ அதற்கு மேலோ என்றால் குட்டிக் காரை விட்டுவிடுங்கள். இந்த ஊரில் பக்கி என்று சொல்லும் பிக்கப் வண்டி இல்லாத குடும்பமே கிடையாது. மச்சானிடம் சாவி கேளுங்கள், டேங்க் நிரப்பித் திருப்பிக் கொடுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1996-ஆம் ஆண்டு தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விதிகளின்படி நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும், பின்விளக்குகள் மறையக் கூடாது. குட்டிக் காரின் பின்பக்கம் ஒரு முழு சைக்கிளுக்குப் பின்னால் முழுக்க ஒளிந்துகொள்ளும். டோ பார் இருந்தால் அதன் சாக்கெட்டில் சொருகும் விளக்குப் பலகை வாங்கி நம்பர் பிளேட்டையும் அதில் வைக்கலாம். வார் ரேக்குக்கு அந்த வசதி இல்லை, ஆகவே சைக்கிளை உயரத் தூக்கிப் பிடிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். நம்பர் பிளேட்டும் விளக்கும் கீழே தெரியும், புகைக்குழாய்ப் பிரச்சினையும் தீரும். பதிலுக்குப் பின்கண்ணாடி மறைந்துவிடும், பக்கக் கண்ணாடியை நம்பி ஓட்ட வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான் உயர வகையை எடுப்பேன். கடையில் சைக்கிளோடு போய் மாட்டிப் பார்த்து, பின்னால் பத்தடி தள்ளி நின்று விளக்கைப் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு போன்: வெளியே மாட்டிய சைக்கிள் பாலிசியில் வருமா, தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டுமா என்று.

மாட்டும் வரிசை: முதலில் மேல் வார், பிறகு கீழ் வார், கடைசியில் பக்க வார். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் சட்டம் ஒரு பக்கம் சாயும். டிக்கியில் வைக்கிற இலேசான பையெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்க வேண்டும், இனி அது திறக்காது. ரேக்கைப் பிடித்து உலுக்கினால் கார் ஆட வேண்டும், ரேக் மட்டும் ஆடக் கூடாது. சைக்கிள் ஏற்றியபின் சக்கரங்களையும் ஹேண்டிலையும் வாரால் கட்டுங்கள், காற்றில் ஹேண்டில் திரும்பினால் கண்ணாடிக்கு ஆபத்து. தொங்கும் வார் நுனியைச் சுருட்டி முடியுங்கள். கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தித் திரும்ப இறுக்க வேண்டும், புது வார் கண்டிப்பாகத் தளரும். எங்கள் பக்கத்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிறவர்கள் மரியான்ஹில் டோல் தாண்டுவதற்கு முன்னால் ஏதாவது பெட்ரோல் பங்கில் பார்த்துவிடலாம். நெடுஞ்சாலையில் 120 அனுமதி இருந்தாலும் 100-ஐத் தாண்டாதீர்கள்.

பழைய ரேக் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பார்கள். கம்பி பழையதானால் பயமில்லை, வார்தான் சந்தேகம். இந்த ஊர் வெயிலில் நைலான் வெளுத்து உலர்ந்துவிடும். வாரை மடித்து மடிப்பைப் பாருங்கள். நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, தையல் பிரிந்திருந்தாலோ, கொக்கியின் ரப்பர் உரிந்து இரும்பு தெரிந்தாலோ அந்த வார்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தக் கம்பெனியின் புது வார் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தால் அந்த விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். கிடைக்காவிட்டால் ரேக்கை விற்கிறவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.